பஸ் ஏறுகிறவர்களைக் கேட்டு பஸ் விடுங்கள்!



உரம், பயிர்க்கடன், யானை, காட்டுப்பன்றி என்று பேசிக்கொண்டிருந்த சங்கம் இப்போ எதுக்கு பஸ்ஸைப் பற்றி நோட்டீஸ் போடுகிறது என்று சில அண்ணாச்சிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விளைய வைப்பது பாதி வேலை. விளைந்ததை வாடாமல், நசுங்காமல், நல்ல விலை இருக்கும்போதே சந்தையில் இறக்குவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி ஒரு டவுன் பஸ்ஸின் நேரத்தில் தொங்கிக்கொண்டு கிடக்கிறது.

ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவரிடம் தினமும் லோடு கணக்கில் காய் கிடையாது. இன்றைக்கு ஒரு சாக்கு கத்தரிக்காய், நாளைக்கு அரைச் சாக்கு வெண்டைக்காய், ஒரு பெட்டி எலுமிச்சை, ரெண்டு கிலோ பிச்சிப்பூ. இதுக்குத் தனியாக ஒரு குட்டியானை பிடித்தால் வாடகைக்கே காய் காணாது. பெரிய விவசாயி வண்டி வைத்து பாவூர்சத்திரத்தில் இறக்கிவிடுவார். அங்கிருந்து லாரி கேரளாவுக்குப் போய்விடும். சின்ன விவசாயிக்கு டவுன் பஸ்தான் லாரி. பின் படிக்கட்டுப் பக்கம் நிற்கிற இடம்தான் லோடு ஏற்றுகிற இடம். முதல் பஸ்ஸே ஆறே முக்காலுக்குத்தான் என்றால் நல்ல விலை போன பிறகுதான் நம் சாக்கு அவிழ்கிறது. அதுக்கப்புறம் வியாபாரி சொல்வதுதான் விலை. வருஷம் பூரா அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாம் இழப்பதைக் கூட்டிப் பார்த்தால், பயிர்க்கடன் வட்டியைப் பற்றி இவ்வளவு நாள் பேசியதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும்.

1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது இதை யாரோ ஒரு ஆள் சரியாக யோசித்திருக்கிறார். அடையாள அட்டை உள்ள விவசாயி காய்கறி மூட்டையை அரசு டவுன் பஸ்ஸில் லக்கேஜ் காசில்லாமல் கொண்டு வரலாம் என்று அந்தத் திட்டத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். சந்தையும் பஸ்ஸும் ஒரே காரியம் என்று அன்றைக்குப் புரிந்திருந்தது. தென்காசியிலும் உழவர் சந்தை வந்தது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2025-ல் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தங்கள் சரக்கை 25 கிலோ வரை கட்டணமில்லாமல் ஏற்றலாம் என்று சொன்னார்கள். எல்லாம் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் டிக்கெட் இலவசம், மூட்டை இலவசம், பஸ் எங்கே? வராத பஸ்ஸில் இலவசம் இருந்தால் என்ன, ரெட்டைக் கட்டணம் இருந்தால் என்ன!

இதிலே நமக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. பஸ் வழித்தடம் என்பது அரசாங்கம் இஷ்டத்துக்குப் போடுகிற கோடு இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 99, 100 என்று இரண்டு பிரிவுகள். அரசு ஒரு வழித்தடத் திட்டம் கொண்டுவர நினைத்தால் முதலில் வரைவை அரசிதழில் போட வேண்டும், அந்த வட்டார மொழிப் பத்திரிகையிலும் போட வேண்டும். அதிலிருந்து முப்பது நாளைக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிப் போடலாம். எழுதியவர் விரும்பினால் அவரைக் கூப்பிட்டு நேரில் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் திட்டத்தை அப்படியே ஏற்கலாம், அல்லது திருத்தலாம். பிறகு மாற்ற நினைத்தாலும் 102-ம் பிரிவின்படி, பாதிக்கப்படக் கூடியவர்கள் என்று அரசு கருதுகிறவர்களிடம் கேட்க வேண்டும். 'யார் வேண்டுமானாலும்' என்றால் பஸ் முதலாளி மட்டுமல்ல. கக்கத்தில் கூடையை இடுக்கிக்கொண்டு ஸ்டாப்பில் நிற்கிற நம் அக்காவும்தான்.

சரி, நடந்தது என்ன? மினி பஸ் கதையையே எடுத்துக்கொள்வோம். 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தபோது பெரிய பஸ் நுழைய முடியாத ஊருக்கெல்லாம் அது உயிர் கொடுத்தது. உண்மையை மறைக்க வேண்டாம். ஆனால் டீசல் விலை ஏறியது, ஓட்டினால் கட்டவில்லை என்று பல வண்டிகள் நின்றுபோயின. ஓடிய வண்டிகளில் சில, கிராமத்துப் பக்கம் போவதைக் குறைத்து டவுனுக்குள்ளேயே சுற்றின. பிறகு 2024 ஜூன் மாதம் புதிய விரிவான மினி பஸ் திட்டத்துக்கு வரைவு வெளிவந்தது. முப்பது நாள் அவகாசம். ஜூலை 22-ம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கே? சென்னையில்!

மேக்கரையிலிருந்தும் புளியரையிலிருந்தும் ஒரு விவசாயி சென்னைக்குப் போய், "அய்யா, எங்க ஊருக்கு விடிகாலை ஒரு பஸ் வேணும்" என்று சொல்ல வேண்டுமாம். பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஒரு ராத்திரி போக, ஒரு ராத்திரி வர, மூன்று நாள் வேலை கெடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? அது போக, கூட்டம் நடப்பதே பத்திரிகை வாசிக்கிற ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரிந்தது. மினி பஸ் உரிமையாளர்கள் போனார்கள், தனியார் பஸ் முதலாளிகள் போனார்கள், தொழிற்சங்கத்தார் போனார்கள். அவரவர் நியாயத்தைப் பேசினார்கள். பேசியதில் தப்பே இல்லை, அவர்கள் பிழைப்பு அது. பஸ் விடுகிறவர், பஸ் ஓட்டுகிறவர் எல்லோரையும் கேட்டாயிற்று. ஏறுகிறவரை மட்டும் கேட்கவில்லை. 2025 ஜனவரியில் திட்டம் முடிவாகி, ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கி வைத்தார்கள். வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி.

இந்த 'பஸ் வசதி இல்லாத பாதை' என்கிற சொல்லில்தான் நம்ம தலையெழுத்தே இருக்கிறது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் எட்டிப் பார்க்கிற பஸ்ஸைக் காட்டி, அந்த ஊரைப் 'பஸ் உள்ள ஊர்' என்று எந்த அதிகாரியும் எழுதிவிடக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால் தென்காசியிலிருந்து செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டை, கடையம் என்று நாலா பக்கமும் மெயின் ரோடு தெரியும், ரோடு பூரா பஸ் தெரியும். அந்த ரோட்டிலிருந்து உள்ளே ரெண்டு மைல், மூணு மைல் தள்ளி, மலையடிவாரத்து ஓடையோரம் இருக்கிற ஊர் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் இறங்குகிற பொம்பளைப் பிள்ளை அந்த மூணு மைலை யானை நடமாடுகிற தோப்பு வழியாக நடந்து போக வேண்டும் என்பதும் வரைபடத்தில் தெரியாது. ஊர்க்காரரிடம் கேட்டால்தான் தெரியும்.

"இப்பத்தான் வீட்டுக்கு வீடு பைக் இருக்கே, பஸ் எதுக்கு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பைக் இருக்கிறது, உண்மை. அதன் சாவி யார் பையில் இருக்கிறது? வீட்டு ஆம்பிளை அதை எடுத்துக்கொண்டு போன பிறகு அம்மாவும் ஆச்சியும் மருமகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எதிலே போவார்கள்? நாற்று நட, களை எடுக்க, வெளியூர் போகிற பெண்கள் லோடு ஆட்டோவில் ஆடு மாடு போல நின்றுகொண்டு போகிறார்கள். கவிழ்ந்து விழுந்தால் பத்திரிகையில் நாலு வரி. சரியான நேரத்துக்கு ஒரு பஸ் இருந்தால் அந்த ஆட்டோவில் யார் ஏறப் போகிறார்கள்?

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2024-ல் கேரளத்தில் புதிய பஸ் வழித்தடம் கண்டுபிடிக்க 'ஜனகீய சதஸ்' என்று கூட்டம் போட்டார்கள். மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளே ஊர்ப் பக்கம் வந்து உட்கார்ந்து, எந்த ஊருக்கு எந்த வழியாக பஸ் வேண்டும் என்று மக்களிடமும் உள்ளாட்சி உறுப்பினர்களிடமும் கேட்டு எழுதினார்கள். அதிலிருந்து வழித்தடப் பட்டியல் தயாரித்தார்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயிருந்து குப்பை லாரி வந்தால் மறிக்கிறோம், இங்கேயிருந்து கல்லும் எம் சாண்டும் புளியரை வழியாகப் போனால் அதையும் மறிக்கிறோம். (அந்தக் கனரக லாரிகளுக்கு மட்டும் எந்த மனுவும் இல்லாமல் ராவும் பகலும் வழி கிடைப்பது எப்படி என்பது தனி நோட்டீஸுக்கு உரிய விஷயம்.) நல்ல பழக்கம் ஒன்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதையும் இந்தப் பக்கம் கொண்டுவரலாமே!

ரயில் சங்கதி இதைவிட மோசம். 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்து ரயில் விட்டார்கள். அகலப் பாதை போடுகிறோம் என்று செங்கோட்டை - புனலூர் பாதையை 2010 செப்டம்பரில் மூடினார்கள். முழுசாகத் திறக்க 2018 ஆயிற்று. தென்காசி - நெல்லை பாதையும் மூடிக் கிடந்து 2012-ல் திறந்தது. இத்தனை வருஷம் மூடி வைத்தபோதும் நம்மைக் கேட்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டபோது 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று பெயர் மாற்றி, குறைந்தபட்ச டிக்கெட்டை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கினார்கள். அப்போதும் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. ரயிலுக்கு பஸ் மாதிரி அரசிதழ், ஆட்சேபம் என்ற ஏற்பாடு இல்லை. கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. வர்த்தக சங்கங்களைப் போல விவசாய சங்கங்களும் அதில் இடம்பெற வழி உண்டு. மதுரைக் கோட்டத்துக் குழுவில் இந்த வட்டார விவசாயி ஒருவர் உட்கார வேண்டும் என்று சங்கம் எழுதப் போகிறது. சென்னைக்குப் புது வண்டி விட்டால் எல்லோரும் கை தட்டுகிறார்கள், நாமும் தட்டுகிறோம். ஆனால் கீழக்கடையத்திலும் இராவணசமுத்திரத்திலும் ஏறி நெல்லைக்குப் போய் வருகிறவருக்கு பாசஞ்சர் வண்டியின் நேரம்தான் முக்கியம்.

குற்றாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூனில் சாரல் விழுந்தால் நமக்கும் சந்தோஷம்தான். அருவியில் விழுகிற அதே தண்ணீர்தான் சிற்றாற்றில் வந்து கார் நடவுக்குப் பாய்கிறது. குளிக்க வருகிறவர்களுக்கு மெயின் அருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் சிறப்பு பஸ் விடட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சீசனும் கார் நடவும் ஒரே மாதத்தில் வருகிறது. அந்த நேரம்தான் கிராமத்துக்கு ஆள் போக்குவரத்து அதிகம். சீசன் பஸ் தனிக் கணக்காக இருக்க வேண்டும், கிராமத்து சிங்கிளை வெட்டி அருவிக்கு அனுப்பக் கூடாது என்று சீசனுக்கு முந்தியே எழுத்தில் வாங்கியாக வேண்டும். ஆகஸ்டில் போய்க் கத்தினால் பிரயோஜனம் இல்லை.

ஆக, நாம் கேட்பது என்ன? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, இனி எல்லாத்துக்கும் நெல்லைக்கு ஓட வேண்டாம் என்றார்கள். அப்படியானால் வழித்தடம் பற்றிய கருத்துக் கேட்பும் இங்கேயே நடக்கட்டும். செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், சங்கரன்கோவில் என்று தாலுகா தாலுகாவாக நடக்கட்டும். வேலை நாள் காலை பதினோரு மணிக்கு வைத்தால் கூலிக்காரர் எவரும் வர முடியாது, சாயங்காலம் வையுங்கள். அறிவிப்பை அரசிதழில் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்காமல் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் டிப்போ மேலாளரும் வந்து உட்காரட்டும். முக்கியமாக, கொடுத்த மனுவுக்கு எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதுங்கள், படித்துப் பார்க்கிறோம். மினி பஸ்ஸுக்கு யாரும் விண்ணப்பம் போடாத வழித்தடத்தில் அரசு பஸ் போக வேண்டும். லாபம் வராத ஊருக்கும் போவதற்குத்தானே அரசு என்று ஒன்று இருக்கிறது?

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். அதிகாரியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் பஸ் வராது.

சங்கத்துக்கு வருகிற மனுக்களில் முக்கால்வாசி 'எங்கள் ஊருக்குப் போதிய பேருந்து வசதி செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று இருக்கிறது. இதை வாங்கிய அதிகாரி 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதி ஃபைலில் வைத்துவிடுவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அதில் செய்யும்படி ஒன்றுமே இல்லையே. எத்தனை மணிக்கு, எங்கேயிருந்து எங்கே, எந்தப் பாலம் வழியாக, எத்தனை பேர், வாரத்தில் எந்தெந்த நாள் என்று எழுதினால்தான் அவர் 'ஆகும்', 'ஆகாது' என்று ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும்.

நம் கிளைச் சங்கம் ஒன்றில் ஒரு காரியம் செய்தார்கள். ஊர்ப் பெயரைப் போட்டால் நாளைக்கு அங்கே பஸ் நிற்காமல் போனாலும் போகும், அதனால் போடவில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு பள்ளிக்கூட நோட்டைச் சணலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பஸ் வந்தால் மணி எழுத வேண்டும். வரவில்லை என்றால் 'வரவில்லை' என்று எழுத வேண்டும். ஏறியவர், இறங்கியவர், ஏற முடியாமல் நின்றவர், மூட்டையைப் பார்த்துவிட்டு ஏற்றாமல் போனது, எல்லாம் எழுத வேண்டும். கடைக்காரர் பாதி எழுதினார், காலேஜ் போகிற பிள்ளைகள் மீதி எழுதினார்கள். ஒரு மாதம் ஆனதும் பார்த்தால் ஊரில் எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்று, நோட்டில் இருந்தது வேறு. காலை பஸ் வருவதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது அநேகமாக தினமும் வந்திருக்கிறது, நேரம்தான் தப்பு. நின்றுபோனது ராத்திரி பஸ். அதுவும் முக்கால்வாசி சனி, ஞாயிறில். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, அந்த மாதம் போக வேண்டிய நடை எத்தனை, போன நடை எத்தனை என்று கேட்டார்கள். சட்டப்படி முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். நமக்கு முப்பது நாள் கொடுத்தவர்களுக்கு நாமும் முப்பது நாள் கொடுத்தோம்! பதிலையும் நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது எதிரே உட்கார்ந்திருந்தவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பஸ் திரும்ப வந்துவிட்டது. காலை பஸ்ஸின் நேரம் இன்னும் மாறவில்லை, அதுக்கு இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது.

இன்னொன்று. இது சிலருக்குக் கசக்கும். 'ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தோம்' என்று மனு வருகிறது. கையெழுத்தைப் பார்த்தால் அறுபதும் ஆம்பிளைக் கையெழுத்து, அறுபதும் ஒரே தெரு. பஸ் கோயில் வாசலோடு திரும்பிவிட வேண்டும், காலனி வரைக்கும் போக வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. பஸ் பெயரிலே இந்த மாவட்டங்கள் 1997-ல் பட்ட பாடு நமக்கு மறக்கவில்லை. காலனி ஆட்கள் கையெழுத்து இல்லாத மனுவைச் சங்கம் வாங்காது. பாதிக்குப் பாதி பெண்கள் கையெழுத்து இல்லாவிட்டாலும் வாங்காது. ஏனென்றால் பஸ்ஸில் அதிகம் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். சென்னையில் நம்மைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று கோபப்படுகிற நாம், ஊருக்குள்ளே அதையே செய்துவிட்டு எந்த முகத்தோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவது?

வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் தீர்மானம் வர வேண்டும். அதுக்கு முந்தின ஒரு மாதம் நோட்டு ஓட வேண்டும். தீர்மானத்தில் மேலே சொன்ன மாதிரி மணி, வழி, ஆள் கணக்கு இருக்க வேண்டும். தீர்மான நகலைப் பஞ்சாயத்துச் செயலரிடம் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். "அப்புறம் தர்றேன்" என்றால் அங்கேயே உட்காருங்கள். எல்லா ஊர் நகலும் சேர்ந்ததும், ஒரு திங்கட்கிழமை மனு நாளில், ஊருக்கு ஐந்து பேர் வீதம் தென்காசி கலெக்டர் அலுவலகத்துக்குப் போகிறோம். ஐந்து பேரில் இரண்டு பேராவது பெண்கள். தேதியைக் கிளைச் செயலாளர்கள் மூலம் சொல்லி அனுப்புவோம். வேன் பிடிக்கக் கூடாது. அவரவர் ஊர் பஸ்ஸிலேயே வர வேண்டும். பஸ் வராத ஊர்க்காரர்கள் மெயின் ரோடு வரை நடந்து வந்து ஏறுங்கள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம் என்பதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

நோட்டு வாங்கக் காசில்லை என்றால் சங்க அலுவலகத்தில் கேளுங்கள், கட்டு வாங்கி வைத்திருக்கிறோம். சணல் மட்டும் உங்கள் பொறுப்பு.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்